காந்தம் போட்ட கணக்கு

பிரெஞ்சில் 'தார்த்ரு' என்றொரு சொல் உண்டு. பல்லில் பிடிக்கும் காரைக்கும் அதுதான் பெயர், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்புக்கும் அதுதான். பிரெஞ்சு வழியில் படித்த எனக்குச் சின்ன வயதிலேயே பழகிய சொல். அதை எடுப்பதற்கென்றே உலகத்தில் ஒரு பெரிய வியாபாரம் நடப்பது ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.

பெரிய ஆலைகளில் எந்திரங்களின் சூட்டைத் தண்ணீர்தான் வாங்கிக்கொள்கிறது. சூடேறிய தண்ணீரைக் கூலிங் டவரின் மேலிருந்து மழைபோல் விழவிடுவார்கள். கொஞ்சம் ஆவியாகப் போகும், மிச்சம் ஆறிவிடும். ஆவியாவது வெறும் தண்ணீர். உப்பு அங்கேயே தங்கி, சுற்றச் சுற்றக் கூடி, குழாயில் படியும். இரும்பு துருப்பிடிக்கும். வெதுவெதுப்பில் பாசியும் கிருமியும் வளரும். பழைய வைத்தியம் இப்படி: படிவுக்கு அமிலம், துருவுக்குக் குரோமேட், கிருமிக்குக் குளோரின். ஆலை ஓடுகிறவரை தீராத செலவு.

1945-இல் பெல்ஜியத்துக்காரர் வெர்மேரன் ஒரு காப்புரிமை வாங்கினார். தண்ணீரைக் காந்தப் புலத்தின் வழியே ஓடவிட்டால் உப்பு குழாயில் கெட்டியாக ஒட்டாது என்பது அவர் கட்சி. காந்தத்தை ஒரு முறை வாங்கினால் போதும், மாதாமாதம் ரசாயனம் வேண்டாம். 1960-களில் சோவியத் நாட்டு ஆலைகளில் இந்த முறை நன்றாகப் பரவியது. ஓரிடத்தில் பலித்தது, இன்னோரிடத்தில் பலிக்கவில்லை. ஏன் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்றும் ஒத்த கருத்து கிடையாது.

ஆயுள் முழுக்க அரசாங்கக் கோப்புகளோடு இருந்தவன் என்பதால் சொல்கிறேன். செலவுப் பட்டியலில் ஒரு வரியை அடித்துவிட்டால் மேலே இருப்பவர்களுக்கு வரும் சந்தோஷமே தனி. அந்த வரி எதற்காக இருந்தது என்று கேட்கிறவர் குறைவு.

ரசாயனத்தை விடுவதற்குச் செலவு மட்டும் காரணமல்ல. கலிபோர்னியாவில் ஹிங்க்லி என்ற சிற்றூர். அங்கிருந்த எரிவாயு அழுத்த நிலையம் 1952 முதல் 1966 வரை குரோமியம் கலந்த கோபுரத் தண்ணீரைக் கரை பூசாத குட்டைகளில் விட்டது. அது நிலத்தடி நீரில் இறங்கி ஊர்க் கிணறுகளுக்குப் போனது. 1996-இல் 33.3 கோடி டாலர் இழப்பீட்டில் வழக்கு முடிந்தது. எரின் புரோக்கோவிச் படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். 1990-களில் அமெரிக்கா கூலிங் டவர்களிலிருந்து அந்தக் குரோமியத்தையே விலக்கியது. சரியான காரியம்.

ஆனால் கிருமி விஷயம் வேறு. புதுச்சேரிக்காரர்களுக்கு 'லெஜியோனேர்' என்றால் பிரெஞ்சுப் பட்டாளம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயரில் ஒரு நிமோனியாவும் இருக்கிறது. 1976-இல் ஃபிலடெல்ஃபியா ஓட்டலில் கூடிய அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரைத் தாக்கியதால் வந்த பெயர். கிருமி வெதுவெதுப்பான நீரில் வளர்ந்து, நுண்துளியில் ஏறி, மூச்சோடு உள்ளே போகும்.

வட பிரான்சில் ஆர்ன் என்ற ஊரில் 2003 நவம்பர் முதல் 2004 ஜனவரி வரை அது என்ன செய்தது என்று பாருங்கள். ஒரு பெட்ரோ ரசாயன ஆலையின் கூலிங் டவரிலிருந்து கிளம்பி 86 பேரைப் பிடித்தது, 18 பேர் இறந்தார்கள். நடுவில் கோபுரத்தை அழுத்த நீர் பீய்ச்சிக் கழுவியபோது இன்னும் பரவியது. ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களுக்கும் வந்தது. அவர்கள் ஆலைக்குள் கால் வைத்தவர்கள்கூட அல்ல. இது காந்தத்தின் குற்றம் அல்ல. குளோரின் என்ற வரி எதற்காக இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

காந்தமும் மின்துடிப்பும் கிருமியையும் அடக்கும் என்றுதான் விற்பனையாளர்கள் சொல்லிவந்தார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் இல்லாத ஐந்து வகைக் கருவிகளை மாதிரிக் கோபுரங்களில் ஓட்டிப் பார்த்தார்கள். 2010-இல் அறிக்கை வந்தது. எதுவுமே செய்யாமல் விட்ட கோபுரத்துக்கும் கருவி பொருத்திய கோபுரத்துக்கும் கிருமி எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. குளோரின் போட்டதும் குறைந்தது.

ஆர்ன் சம்பவத்துக்குப் பிறகு, 2004 டிசம்பரில், பிரான்சு கூலிங் டவர்களுக்கென்றே தனி விதி எழுதியது. குறித்த காலத்தில் தண்ணீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். லிட்டருக்கு ஒரு லட்சம் லெஜியோனெல்லாவை எட்டினால் கோபுரத்தை உடனே நிறுத்தியாக வேண்டும்.