லாயத்தில் பிளந்த பித்தளை



யுத்த காலத்தில் சிறுவர்களாக இருந்த நாம் வெற்று ரவைக் கோதுகளைப் பொறுக்கியிருக்கிறோம். உம்மாமார் வட்டா, படிக்கம் துலக்கும் புளியாலேயே அவற்றையும் துலக்கிப் பளபளப்பாக்கினோம். அந்தப் பித்தளைக்கு ஒரு வரலாறு உண்டு.

கோதுப் பித்தளையில் 70 வீதம் செம்பு, 30 வீதம் நாகம். சுட்ட கோதைக் கழுவி மீண்டும் மருந்து நிரப்பும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆனால் பிரிட்டிஷ் இந்தியப் படையில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த ரவைகளின் கோதுகள் சுடாமலேயே பிளந்தன.

காரணத்தை 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவரும் விளக்கினார்கள். தகட்டைச் சூடாக்காமல் இழுத்துக் கோதாக்கும்போது பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து அந்த இறுக்கமான இடத்தைப் பிளக்கிறது. அளவாகச் சூடாக்கினால் இறுக்கம் தளர்ந்துவிடும். கோது கழுவுவோர் அமோனியா கலந்த திரவங்களை இன்றும் தவிர்ப்பது இதனால்தான்.

புளி மேலேயுள்ள கறுப்பை மட்டுமே கரைக்கும். உள்ளேயுள்ள விரிசலை அது மாற்றாது. பளபளப்பான கோது பழுதில்லாத கோது என்று அர்த்தமில்லை.

சிறுவயதில் நாம் செய்தது விளையாட்டல்ல, ஆபத்து. வெற்றுக் கோது என்று நினைத்து எடுப்பதில் மருந்து இருக்கலாம். வயலிலோ வாவிக்கரையிலோ கண்டால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். பெரியவர்கள் நாம் உடனே பொலிஸுக்கு அறிவிப்போம்.