நாகம்மாளின் உறவும் வாசகரின் முகச்சுளிப்பும்

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) நாவலைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஓர் இடத்தில் முகம் சுளிக்கிறார்கள். கைம்பெண் நாகம்மாளுக்கும் ஊர்ச் சண்டியன் கெட்டியப்பனுக்கும் உள்ள நெருக்கம்தான் அந்த இடம். அதை ஒழுக்கக்கேடு என்று ஒதுக்குவோர் உண்டு. அடக்கிவைத்த வேட்கை என்று ஏற்போரும் உண்டு. இரு சாராரும் அந்த உறவைக் குடும்ப நிலத்திலிருந்து பிரித்துப் பார்க்கிறார்கள்.

பழனிக்கு மேற்கே, கரும்பும் தென்னையும் விளையும் நெய்க்காரப்பட்டியில் பாகப்பிரிவினைகளைப் பார்த்து வளர்ந்த ஒருவர் இந்நாவலை எடுத்தால் அவர் மனம் முதலில் வேறொன்றில் நிற்கும்: செத்தவன் பங்கு அவளுக்கு உண்டா, இல்லையா? வறட்டுக் கேள்விதான். ஆனால் கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் மகளோடு ஒண்டியிருக்கும் நாகம்மாளை நகர்த்துவது இந்தக் கேள்விதான்.

அன்றைய சட்டம் அவளுக்குக் கைகொடுக்கவில்லை. பிரியாத கூட்டுக் குடும்பத்தில் ஆண் பிள்ளை இல்லாமல் இறந்தவனின் பங்கு பங்காளிகளுக்கே போகும்; மனைவிக்குச் சீவனாம்சம் மட்டும். 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் பங்கில் வாழ்நாள் உரிமை தந்தது. ஆனால் மாகாணங்களின் விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் விளைநிலத்துக்கும் அதை நீட்டித்தது 1947இல்தான். நாவல் இந்த இடைவெளிக்குள் வந்தது.

இன்னொன்றும் உண்டு, விமர்சகர்கள் இதைக் கவனிக்காமல் போவது எனக்கு வியப்பே. அந்தச் சீவனாம்சமும் அவள் கற்போடு கட்டப்பட்டிருந்தது. நடத்தை கெட்டவள் என்று நிரூபித்தால் சோற்றுக்கான உரிமையையும் அறுக்கலாம். ஆகவே கெட்டியப்பனைப் பற்றிய ஊர்ப்பேச்சை வெறும் வம்பு என்று தள்ள முடியாது. பங்காளிகள் கையில் அது ஆயுதமாகக்கூடும். முகம் சுளிக்கும் வாசகர், தெரியாமலே, பங்காளிகளின் பக்கம் போய் உட்காருகிறார். மறுமணம் செய்துகொள்ளலாமே என்றும் சொல்ல இயலாது: 1856ஆம் ஆண்டின் மறுமணச் சட்டப்படி, மறுமணம் செய்த கைம்பெண் முதல் கணவன் வழிச் சொத்துரிமையை இழப்பாள்.

இதனால் அந்த உறவு வெறும் கணக்கு என்று ஆகிவிடாது. பயமில்லாமல் தன்னோடு பேசும் ஒருவன்மேல் அவளுக்கு வரும் பிடிப்பை நாவல் மறைக்கவில்லை. அவளுடைய கோபத்தைக் கெட்டியப்பன் தன் முரட்டுத்தனத்துக்குத் தீனியாக்குவதையும் மறைக்கவில்லை. அவன் கையால் சின்னப்பன் சாகும்போது என் வாதம் தடுமாறுகிறது. சின்னப்பன் கொடியவன் அல்லன். அவனுக்காக இரங்குவது நியாயமே. ஆனால் அந்த இரக்கம் உடனே நாகம்மாள்மேல் வெறுப்பாகத் திரும்புவது வாசகரின் செயல். குடும்ப நிலத்தில் நாகம்மாளுக்குப் பங்கில்லை என்ற ஏற்பாட்டின்மேல் அந்த வெறுப்பு ஏன் திரும்புவதில்லை என்பதற்கு நாவலுக்குள் காரணம் கிடைக்கவில்லை.