கடன் வாங்கிய கண்கள்

கதை எழுதுகிறவர்கள் அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து பார்க்கிறோம். அவர்கள் மனத்துக்குள்ளும் புகுந்து பார்க்கிறோம். இதற்காக எங்களை யாரும் தண்டிப்பதில்லை. சில சமயம் சன்மானம்கூடத் தருகிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் எங்களுக்கு மூத்தவன் ஒருவன் உண்டு. அவன்தான் ஒற்றன். கவிஞனும் கதாசிரியனும் அரசவைக்குள் நுழைவதற்கு முன்பே அவன் அங்கே ஒரு தூணின் மறைவில் நின்றுகொண்டிருந்தான்.

வள்ளுவர் அவனுக்காக ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். அரசனுக்கு ஒற்றன் ஒரு கண் என்பது அவர் கருத்து. ஆனால் ஒரு கண்ணை மாத்திரம் நம்பாதே, ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்துக்கொள் என்றும் எச்சரிக்கிறார். அனுபவசாலியின் பேச்சு அது.

வள்ளுவர் மனத்தில் இருந்த அரசனுக்குக் குடிமக்களின் பாஷை தெரியும். அந்தி மயங்கியதும் முக்காடு போட்டுக்கொண்டு அவனே வீதியில் நடந்தால்கூட, திண்ணையில் பேசுகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது அவனுக்குப் புரியும். ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்து ஆண்டவர்களின் கதி என்ன? ஒரு ஜில்லாவுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய வெள்ளைக்கார அதிகாரிகள். சுற்றிலும் லட்சக்கணக்கான ஜனங்கள். கடைத்தெருவில் என்ன பேசுகிறார்கள், கோயில் மண்டபத்தில் யார் கூடுகிறார்கள், பத்திரிகையில் என்ன அச்சாகிறது என்று துரை தாமாகத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. பிறருடைய கண்ணாலும் காதாலும்தான் அவர் பார்க்கவும் கேட்கவும் வேண்டும். அந்தக் கண்ணும் காதும் யாருடையவை? நம்முடையவைதாம்! இந்தியாவில் நடந்த அன்னிய ஒற்றாடலின் சரித்திரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் உறுத்துவது இந்த விஷயம்.

ஒற்றறிவதற்கென்று தனி இலாகா ஏற்பட்டது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். போலீஸ் நிர்வாகத்தைச் சீர்திருத்த 1902-ம் வருஷம் ஸர் ஆண்ட்ரூ ஃபிரேஸர் தலைமையில் ஒரு கமிஷன் நியமித்தார்கள். குற்றங்களைத் துப்பறிய மாகாணந்தோறும் தனி இலாகா வேண்டும் என்று அந்தக் கமிஷன் யோசனை சொல்லிற்று. வழிப்பறிக் கூட்டங்களை ஒடுக்க ஏற்பட்டிருந்த பழைய 'தக்கி' இலாகா 1904-ல் கலைந்து, அதனிடத்தில் மத்திய துப்பறியும் இலாகா தோன்றியது. திருடனைப் பிடிக்க ஏற்பட்ட இலாகா, வங்காளப் பிரிவினை நடந்த 1905-க்குப் பிறகு, தேசபக்தனைப் பின்தொடரும் இலாகாவாகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை. இந்த யோசனையைச் சொன்ன ஃபிரேஸர் துரையே வங்காளத்தின் லெப்டினெண்ட் கவர்னராக இருந்தார். 1907-ம் வருஷக் கடைசியில் அவர் பிரயாணம் செய்த ரயிலுக்கே வெடி வைத்துவிட்டார்கள். அவர் தப்பினார். ஆனால் அவர் கேட்டு வாங்கிய கண்கள் அந்த வெடியை முன்கூட்டிப் பார்க்கவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். 1907-ல் விபின சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசினார். அதற்கடுத்த வருஷம் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். கூட்டத்தில் ஓர் ஓரமாகப் போலீஸ்காரர்கள் உட்கார்ந்து குறிப்பு எழுதினார்கள். பேசியது தமிழில், குறித்துக்கொண்டவர்கள் தமிழர்கள். அது இங்கிலீஷில் பெயர்க்கப்பட்டு, தீர்ப்புச் சொல்ல வேண்டிய பின்ஹே துரையின் மேஜைக்குப் போயிற்று. பேசியவனுடைய தொனியும், சிரிப்பும், கேட்டவர்கள் எழுப்பிய ஆரவாரமும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. மிஞ்சிய சொற்களைக் கொண்டு 1908 ஜூலை 7-ந் தேதி வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள், அதாவது நாற்பது வருஷத் தீவாந்தரம், விதித்தார்கள். ஹைகோர்ட்டில் அது குறைந்தது என்றாலும், கப்பல் ஓட்டிய மனிதர் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கு இழுத்ததை எந்த அப்பீலும் மாற்றிவிடவில்லை.

இங்கே சரித்திரத்தின் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். அந்தப் பிரசங்கங்களில் இன்று நமக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் போலீஸ் குறிப்பின் வழியாகக் கிடைத்தவை. பத்திரிகைகளின் கதையும் அப்படித்தான். ஒவ்வொரு வாரமும் தமிழ்ப் பத்திரிகைகளை வாங்கி, படித்து, சர்க்காருக்குப் பிடிக்காத பகுதிகளை இங்கிலீஷில் சுருக்கி, அந்தரங்கம் என்று அச்சிட்டு அதிகாரிகளுக்கு அனுப்பினார்கள். பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை இதழ்கள் எல்லாம் இன்று முழுமையாகக் கிடைப்பதில்லை. காணாமற்போன சில கட்டுரைகளின் சாயலை அந்த வாராந்தர அறிக்கைகளில்தான் ஆராய்ச்சியாளர்கள் தேடுகிறார்கள். அபிமானிகள் தொலைத்துவிட்டதை விரோதி பத்திரமாக வைத்திருந்தான்! அவனுக்கு நன்றி சொல்வதா, நம்மை நொந்துகொள்வதா?

'இந்தியா' பத்திரிகைக்குச் சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசனை 1908-ல் கைது செய்தார்கள். பாரதியார் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரிக்குப் போனார். பத்திரிகையும் பின்னாலேயே போயிற்று. 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்து சேர்ந்தார். லண்டனிலிருந்து போலீஸின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வ.வே.சு. ஐயரும் அதே வருஷம் வந்து சேர்ந்தார். அவர்களுக்குப் பின்னால் பிரிட்டிஷ் இந்தியாவின் ரகசியப் போலீஸும் வந்து வீடு பிடித்தது. சின்னஞ்சிறு ஊர். தெரு முனையில் ஒருவன், கடற்கரையில் ஒருவன், ரயிலடியில் ஒருவன். யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்பது தினந்தோறும் எழுதப்பட்டது. புதுச்சேரியில் பிரிட்டிஷ் தபாலாபீஸும் ஒன்று இருந்தது. கடிதங்கள் பிரிக்கப்பட்டன. எல்லைக்கு அப்பால் பத்திரிகை போக முடியாதபடி தடுத்துவிட்டார்கள். 1910 மார்ச்சோடு 'இந்தியா' நின்றது.

1911-ல் பிரெஞ்சு சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளியிலிருந்து வந்து தங்குகிறவர்களுக்கு உள்ளூரில் ஐந்து பெரிய மனிதர்கள் நற்சான்று தர வேண்டும். ஐந்து கையெழுத்து! ஒற்றர்கள் வாசலில் நிற்கும்போது, ராஜத் துரோகி என்று பேரெடுத்தவர்களுக்காக எந்தப் பெரிய மனிதர் பேனாவை எடுப்பார்? ஆனால் கலவை சங்கர செட்டியார் என்ற உள்ளூர்ப் பிரமுகர் முன்நின்று அந்த ஐந்து கையெழுத்துகளையும் வாங்கிக் கொடுத்துவிட்டார். சுதந்திரப் போராட்டத்தின் பெரிய புத்தகங்களில் இதற்கு ஒரு வரிதான் இடம் கிடைக்கும். என்னைக் கேட்டால், பயம் சூழ்ந்த ஊரில் போடப்பட்ட அந்த ஐந்து கையெழுத்துகளுக்கும் பீரங்கியின் பலம் உண்டு.

அந்த நாளில் உடனிருந்தவர்கள் எழுதிவைத்த நினைவுகளில் இரண்டு சம்பவங்கள் உண்டு. ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது ஒரு ஜாடி மேலே வந்தது. உள்ளே ராஜத் துரோகப் பிரசுரங்கள். யாரோ இரவில் போட்டிருக்கிறார்கள். 'மறைக்க வேண்டாம், நாமே பிரெஞ்சுப் போலீஸில் ஒப்படைத்துவிடுவோம்' என்று பாரதியார் யோசனை சொன்னாராம். ஒப்படைத்தார்கள். பிறகு அரவிந்தர் வீட்டைச் சோதனை போட வந்த பிரெஞ்சு மாஜிஸ்திரேட்டு அங்கே வெடிகுண்டுக்குப் பதிலாக லத்தீன், கிரேக்கப் புத்தகங்களைக் கண்டு அதிசயித்து, மரியாதையோடு திரும்பிப் போனார்.

இரண்டாவது சம்பவம் இன்னும் நெருடலானது. விருந்தாளி ஒருவரோடு வேலைக்காரனாக வந்த வங்காளி இளைஞன் ஒருவன் அரவிந்தர் வீட்டிலேயே தங்கிச் சமையல் வேலை பார்த்தான். அவன் சம்பளம் வாங்கியதோ துப்பறியும் இலாகாவில். அவனுக்குப் பதிலாக வரப்போகிற ஆள் அவனை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அதற்காகத் தலையை மொட்டையடித்துக்கொண்டான். அதைக் கண்ட வீட்டு இளைஞர் ஒருவர், வேறொன்றுமில்லை, வெயிலுக்குச் சௌகரியம் என்றுதானோ என்னவோ, தாமும் மொட்டையடித்துக்கொண்டார். அவ்வளவுதான், ஒற்றனுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, நம்மைப் பரிகாசம் செய்கிறார்கள் என்று நினைத்துத் தானாகவே வந்து அழுது உண்மையைச் சொல்லிவிட்டான். எத்தனை நாள் அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே அந்த வீட்டைப்பற்றி எழுதி அனுப்பியிருப்பான்! பிறரைச் சந்தேகிக்கவே பழகியவனுக்கு ஒரு மொட்டைத் தலையைக்கூட மொட்டைத் தலையாகப் பார்க்க முடியவில்லை.

இத்தனை காவலுக்கு நடுவில் நடந்தது என்ன? 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில், மனைவியோடு ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றான். தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தான். இரண்டு உயிர்கள், இரண்டு விதவைகள். வாஞ்சி புதுச்சேரிக்குப் போய் ஐயரிடம் துப்பாக்கி சுடப் பழகினான் என்று பின்னாளில் சர்க்காரின் ரௌலட் கமிட்டியே எழுதிற்று. அப்படியானால் வீதிக்கு வீதி நின்றவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? நடக்க வேண்டிய காரியத்தைத் தடுக்க முடியாத இலாகா, நடந்து முடிந்த பிறகு கவிஞர்மீது பாய்ந்தது. பாரதியாரின் 'ஆறில் ஒரு பங்கு' என்ற கதையையும் 'கனவு' என்ற கவிதையையும் தடை செய்தார்கள். 'கனவு' அவருடைய பிள்ளைப் பிராயத்தையும் இளங்காதலையும் சொல்லும் சுயசரிதை. அதிலும் வெடிமருந்து வாசனை அடித்தது அவர்களுக்கு!

இந்த ஒற்றாடலால் சர்க்காருக்குக் கிடைத்த அறிவு சொற்பம். அது விளைவித்த நாசமோ பெரிது. பார்க்க வருகிறவன் தயங்கினான். பணம் அனுப்புகிறவன் பயந்தான். அச்சிடுகிறவன் கையை விரித்தான். பத்து வருஷம் இப்படி. 1918 நவம்பர் 20-ந் தேதி பாரதியார் எல்லையைத் தாண்டினார். கடலூருக்கு அருகே பிடித்துவிட்டார்கள். இருபத்துநான்கு நாள் காவலுக்குப் பிறகு நிபந்தனையோடு விட்டார்கள். திருநெல்வேலி ஜில்லாவில்தான் வசிக்க வேண்டும். எதை எழுதினாலும் துப்பறியும் இலாகாவின் மேலதிகாரிக்குக் காட்டிவிட்டுத்தான் அச்சிட வேண்டும். தமிழ் நாட்டில் தலைசிறந்த கவிஞனுக்குச் சர்க்கார் நியமித்த ரசிகர் ஒரு போலீஸ் அதிகாரி! அந்த நிபந்தனை 1920-ல்தான் நீங்கிற்று. அடுத்த வருஷம் செப்டம்பரில் பாரதியார் மறைந்தார்.

ஒற்றர்களின் காகிதமெல்லாம் சேர்ந்து 1918-ல் ரௌலட் கமிட்டியின் அறிக்கையாயிற்று. அறிக்கை 1919-ல் சட்டமாயிற்று. சட்டத்தை எதிர்த்துத் தேசமே எழுந்தது. ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலா பாக்கில் ரத்தம் ஓடிற்று. ஒரு சிறு கூட்டத்தின் சதியைக் கண்டுபிடிக்கப் போனவர்கள், ஒரு ஜன சமுத்திரத்தைத் தட்டி எழுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு ஒற்றனின் தொழிலுக்கே ஆபத்து வந்தது. காந்தியடிகள் தாம் செய்யப்போவதை முன்கூட்டியே எழுதி வைஸ்ராய்க்கு அனுப்பினார். ரகசியமே இல்லாதவனிடம் ரகசியப் போலீஸுக்கு என்ன வேலை? 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கத் தொண்டர்களோடு நடந்தார். எந்தப் பாதை, எந்த ஊரில் தங்கல் என்பதெல்லாம் தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் துரைக்குத் தெரியும். ஒற்றன் வேண்டியதே இல்லை. தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்களும் இடம் கொடுக்கிறவர்களும் தண்டிக்கப்படுவார்கள் என்று தண்டோராப் போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கட்டியவர் யார்? பொழுது விடிந்தால் எல்லாரும் எல்லாரையும் அறிந்த கிராமங்கள் அவை. ஆனாலும் யாரும் பார்க்கவில்லை!

இன்று அந்த அந்தரங்க அறிக்கைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எவரும் மனுப்போட்டுப் படிக்கலாம். ஒற்றன் எழுதியதெல்லாம் அங்கே இருக்கிறது. ஐந்து பெரிய மனிதர்கள் ஏன் கையெழுத்துப் போட்டார்கள், மரத்தில் பொட்டலம் கட்டிய அம்மாள் இருட்டில் என்ன நினைத்தாள் என்பது அதில் இராது. அன்னியன் நம்மிடம் கடன் வாங்கிய கண்களால்தான் நம்மை ஆண்டான். கண்களுக்குச் சொந்தக்காரர்கள் சிறிது நேரம் இமையை மூடிக்கொண்ட போது, வேதாரண்யம் சாலையில் அவன் குருடனாக நின்றான்.