மறைப்புக்குள் ஒரு நிமிடம்



ராசிங்காபுரத்திலிருந்து விடியலில் கிளம்பும் ஜீப்புகள் போடிமெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வாக்குப்பதிவு காலை 7 மணியிலிருந்து மாலை 5 மணி வரை நடந்தது. காய் எடுக்கப் போகிறவருக்கு ஓட்டு என்றால் ஒரு நாள் கூலி நட்டம். தோட்டத்திலேயே தங்கி வேலை செய்பவருக்குப் பயணச் செலவும் சேரும். எனவே, சாவடிக்கு வராமலே வாக்களிக்க வழி வேண்டும் என்பது நம் மக்களுக்கும் தேவையான கோரிக்கைதான்.

அதற்கான சோதனைகள் நடந்துவருகின்றன. 2010இல் குஜராத் மாநகராட்சித் தேர்தல்களில் இணைய வாக்களிப்பு வந்தது. 2023 ஜனவரியில் இந்தியத் தேர்தல் ஆணையம், புலம்பெயர்ந்தோருக்காக 72 தொகுதிகள் வரை கையாளும் ஓர் இயந்திரத்தைக் கட்சிகளுக்குக் காட்ட முன்வந்தது, எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை. 2025 ஜூன் 28 அன்று பீகார் நகராட்சித் தேர்தல்களில் முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், புலம்பெயர் தொழிலாளர்கள் கைபேசிச் செயலி வழியாக வாக்களித்தார்கள்.

இங்கிலாந்தில் 2000 முதலே உள்ளாட்சித் தேர்தல்களில் முன்கூட்டி வாக்களிப்பு, முழுத் தபால் வாக்கு எனச் சோதித்தார்கள். தபால் வாக்கு நடந்த இடங்களில் வாக்குப்பதிவு கூடியது. ஆனால் 2004 பர்மிங்காம் தேர்தலில் தபால் வாக்கு மோசடி நடந்ததாகச் சொல்லி, மறு ஆண்டு நீதிமன்றம் இரண்டு வார்டுகளின் முடிவுகளை ரத்து செய்தது.

நம் வரலாறு இதைவிடக் கசப்பானது. மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது 1996இல் வாக்குப்பெட்டிகளையே பறித்துப் போனார்கள். வென்ற தலைவர் முருகேசனும் அறுவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நமக்குக் கிழக்கே உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் மனு போட ஆளில்லை. அல்லது வென்றவர் பதவியேற்ற கையோடு விலகினார். 2006இல்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது.

காவலும் மறைப்பும் இருந்த இடத்திலேயே நிலை இதுவென்றால், வாக்கு கைபேசிக்கு வந்தபின் அந்தக் கைபேசி யார் கையில் இருக்கும்? கூலி பாக்கி வைத்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து "அழுத்து" என்றால், நம் ஆள் எப்படி மறுப்பார்? சாவடியின் அட்டை மறைப்புக்குள் கிடைக்கும் ஒரு நிமிடத்தில் ஆண்டையோ கங்காணியோ கணவனோ எட்டிப்பார்க்க முடியாது. நூறாண்டுப் போராட்டத்தில் நாம் பெற்ற இடம் அது.

ஆகவே நம் கோரிக்கை இப்படி இருக்கட்டும்: வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே, தொழிலாளர் ஊர் இறங்கும் விடுமுறை நாளொன்றில், ஒன்றிய அலுவலகத்தில் காவலோடு வாக்களிக்க வசதி. மலையடிவாரத்தில் விடியலிலேயே திறக்கும் சாவடி. எல்லை தாண்டிய தோட்டத்துக்கும் செல்லுபடியாகும் கூலியோடு கூடிய விடுப்பு. செயலி வேண்டுமென்றால் நகராட்சிகளில் சோதிக்கட்டும். தனித்தொகுதி ஊராட்சிகளில் வேண்டாம்.

2025 ஜனவரி 5இல் நம் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தல் அறிவிப்புக்குப் பிறகு விதிகளை மாற்றச் சொல்லிப் பயனில்லை. மனுவை இப்போதே எழுதுவோம். மலைக்குப் போகிறவர்களின் கையெழுத்தை ஜீப் கிளம்பும் இடத்திலேயே வாங்குவோம்.