காசநோய்க் கிருமியும் கணினியும்: ஒரு பி.காம். மாணவனின் கணக்கு

வணிகவியல் படிக்கிறவனுக்கு மருந்து ஆராய்ச்சியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காரணம் என் மாமா. பெங்களூரில் பேக்கரி வேலைக்குப் போயிருந்தவர் ஒருநாள் இருமலோடு, எலும்பும் தோலுமாகக் களமருதூருக்குத் திரும்பி வந்தார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் மாத்திரை. முதல் நாள் மாத்திரை போட்டதும் சிறுநீர் செக்கச்செவேலென்று போனது. ரத்தம்தான் போகிறது என்று பயந்து, இனி இந்த மாத்திரையே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். அது ரிஃபாம்பிசின் என்ற மாத்திரையின் நிறம், ஒன்றும் ஆகாது என்று செவிலியர் அக்கா வீட்டுக்கே வந்து சொன்ன பிறகுதான் மறுபடி போட ஆரம்பித்தார். இப்போது நன்றாக இருக்கிறார்.

அந்த மாத்திரைகளின் பெயர்களைக் குறித்துவைத்துத் தேடிப் பார்த்தேன். ஐசோனியசிட் காசநோய்க்குக் கேட்கும் என்று தெரிந்த வருடம் 1952. பைரசினமைடும் ஏறக்குறைய அதே காலம். எத்தாம்பியூட்டால் 1961. நான்கில் கடைசியாகப் புழக்கத்துக்கு வந்த ரிஃபாம்பிசினே 1960களைச் சேர்ந்தது. அதாவது மாமா பிறப்பதற்கு முன்பே வந்த மாத்திரைகளைத்தான் மாமா சாப்பிட்டார்! ரிஃபாம்பிசினுக்குப் பிறகு, வேறு வழியில் கிருமியைத் தாக்கும் புதிய காசநோய் மருந்து ஒன்று அமெரிக்காவில் அனுமதி பெற 2012 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்பது வருட இடைவெளி.

ஏன் இந்த இடைவெளி என்பதற்கு எங்கள் பாடப்புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. மருந்து கண்டுபிடிப்பதில் முதலீடு மிக அதிகம், தோல்வியும் அதிகம். அந்தப் பணத்தை எடுக்க வேண்டுமானால் வாங்குகிறவன் கையில் காசு இருக்க வேண்டும். காசநோய் யாருக்கு வருகிறது? உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார், அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். தேவை இருக்கிறது, ஆனால் பொருளாதாரத்தில் சொல்லும் 'டிமாண்ட்' இல்லை. எந்தக் கம்பெனியும் இதற்காக வரிந்துகட்டிக்கொண்டு வராது.

சரி, செலவைக் குறைத்தால்? இங்கேதான் கணினி வருகிறது.

மருந்து என்பது சாவி, கிருமியின் புரதம் என்பது பூட்டு. இந்த உவமையை 1894லேயே எமில் ஃபிஷர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் நொதிகளைப் பற்றிச் சொல்லிவிட்டார். பூட்டின் உட்புற வடிவம் தெரிந்தால், லட்சக்கணக்கான சாவிகளைச் செய்து பார்க்காமல் கணினித் திரையிலேயே பொருத்திப் பார்த்துவிடலாம் இல்லையா? ஆனால் முதலில் புரதத்தின் வடிவம் தெரிய வேண்டும். இதில் நம் சென்னைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும், அவருடன் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரும் சேர்ந்து 1963இல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எந்தக் கோணத்தில் மடங்கினால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய படம் அது. இன்றைக்கு உலகின் எந்த மூலையில் ஒரு புரத வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரிதானா என்று 'ராமச்சந்திரன் வரைபட'த்தில் வைத்துப் பார்க்கிறார்கள். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அந்த வருத்தம் உண்டு, அதை வேறொரு கட்டுரையில் கொட்டுகிறேன்.

பூட்டைப் பார்த்துச் சாவி செய்யும் முறை தொற்றுநோயில் பலித்ததற்கு நல்ல உதாரணம் ஃப்ளூ காய்ச்சல். அந்த வைரஸின் ஒரு நொதி வடிவத்தை 1983இல் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தார்கள். அந்த வடிவத்தைக் கணினியில் வைத்துப் பார்த்து, எந்த இடத்தில் என்ன சேர்த்தால் இறுகப் பிடிக்கும் என்று கணித்து உருவாக்கிய மருந்து ஜனாமிவிர். 1999இல் விற்பனைக்கு வந்தது. முறை வேலை செய்கிறது என்று நிரூபணமாகிவிட்டது. ஆனால் ஃப்ளூ பணக்கார நாடுகளுக்கும் வருகிற நோய் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து 1998இல் வெளியிட்டார்கள். சுமார் 44 லட்சம் எழுத்துகள், கிட்டத்தட்ட 4000 மரபணுக்கள். அதாவது ஏறக்குறைய 4000 பூட்டுகள். எந்தப் பூட்டைத் திறந்தால் கிருமி சாகும்? 2008இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் ராமன், நாகசுமா சந்திரா குழுவினர் இதற்குக் கணினியில் ஒரு வடிகட்டும் முறையை அமைத்தார்கள். கிருமி உயிர்வாழ அந்தப் புரதம் கட்டாயம் வேண்டுமா? அதே மாதிரிப் புரதம் மனித உடலில் இருக்கிறதா? (இருந்தால் மருந்து நம்மையும் தாக்கும்.) நம் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவில் இருக்கிறதா? மருந்து போய் உட்கார அதில் பள்ளம் உண்டா? இப்படிச் சலித்துச் சலித்துக் கடைசியில் 451 புரதங்களில் வந்து நின்றார்கள்.

அதே 2008 செப்டம்பரில் இன்னொன்றும் நடந்தது. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம், அதன் தலைமை இயக்குநர் சமீர் பிரம்மச்சாரியின் முயற்சியில், ஓ.எஸ்.டி.டி. என்ற திட்டத்தைத் தொடங்கியது. திறந்தமூல மருந்துக் கண்டுபிடிப்பு. லினக்ஸ் எப்படி உருவானதோ அப்படியே மருந்தையும் உருவாக்குவோம் என்பதுதான் யோசனை. ஆராய்ச்சி எல்லாம் இணையத்தில் திறந்து கிடக்கும், யாரும் சேரலாம், யார் என்ன செய்தார்கள் என்று பெயரோடு பதிவாகும். மருந்து கிடைத்தால் அதன் விலை ஏழைக்கு எட்ட வேண்டும். அரசு ஒதுக்குவதாகச் சொன்ன தொகை சுமார் 150 கோடி ரூபாய். இதில் எனக்குப் பிடித்த விஷயம், திட்ட இயக்குநராக இருந்த ஜாகீர் தாமஸ் இந்திய வருவாய்ப் பணியைச் சேர்ந்த அதிகாரி. வருமான வரிக்காரர் மருந்துத் திட்டத்தை நடத்தலாம் என்றால், பி.காம். மாணவன் அதைப் பற்றி எழுதக்கூடாதா என்ன?

அந்த 4000 மரபணுக்களில் நிறையவற்றுக்கு என்ன வேலை என்றே தெரியாமல் இருந்தது. உலகம் முழுக்க ஆய்வுக் கட்டுரைகளில் சிதறிக் கிடந்த தகவலைத் தேடிப்பிடித்து, ஒவ்வொரு மரபணுவுக்கும் நேரே எழுத வேண்டும். இந்த வேலையைச் செய்தது யார் தெரியுமா? கல்லூரி மாணவர்கள்! நூற்றுக்கணக்கான பேர், பலரும் பெரிய ஆய்வகத்தைக் கண்ணால் பார்த்திராதவர்கள், கணினி முன்னால் உட்கார்ந்து பங்கு போட்டுச் சில மாதங்களில் முடித்தார்கள். 2010 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. இந்தியா காசநோய்க் கிருமியின் ரகசியத்தை உடைத்துவிட்டது என்ற தொனியில் செய்திகள் பறந்தன. அது கொஞ்சம் அதிகம்தான். எழுத்துகளை 1998லேயே படித்தாகிவிட்டது, இவர்கள் செய்தது பொருள் எழுதும் வேலை. ஆய்விதழில் கட்டுரை வந்தது 2012இல். கட்டுரைக்கு முன்பே மேளம் கொட்டியது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் மாணவர்கள் செய்த வேலை நல்ல வேலை.

பிறகு? அரசுப் பணம் குறையக் குறையத் திட்டத்தின் சத்தமும் அடங்கிப்போனது. ஓ.எஸ்.டி.டி. கண்டுபிடித்த புதிய காசநோய் மருந்து என்று ஒன்றும் கடைக்கு வரவில்லை.

தோல்வி என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் பக்கம் அறுவடை முடிந்ததும் களத்தில் நெல்லைத் தூற்றுவார்கள். பதர் பறந்துவிடும், மணி கீழே விழும். ஆனால் தூற்றியதும் சோறு ஆகிவிடாது. அவிக்கணும், காயவைக்கணும், மில்லுக்குப் போகணும். கணினி செய்வது தூற்றும் வேலை. அதில் ஆயிரம் மாணவர்கள் கூடுதலாகச் சேர்ந்தாலும் செலவு பெரிதாக ஏறாது. எங்கள் பாஷையில் விளிம்புச் செலவு பூஜ்யத்துக்குப் பக்கம். அதற்கு அப்புறம் ஆய்வகம், விலங்குச் சோதனை, மனிதச் சோதனை. அங்கே ஒவ்வொரு எலிக்கும், ஒவ்வொரு நோயாளிக்கும் காசு. தன்னார்வலர் வந்தாலும் அந்தப் பில் குறையாது.

தூற்றுவதிலும் தவறு வரும். கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் கம்பெனி 1995 முதல் 2001 வரை, பாக்டீரியாக்களின் மரபணுத் தகவலை வைத்துப் புரதங்களைத் தேர்ந்தெடுத்து, சுமார் 70 சோதனைத் தொடர்களை ஆய்வகத்தில் நடத்தியது. தேறியவை ஐந்து. காகிதத்தில் பொருந்துகிற சாவி கிருமியின் சுவரைத் தாண்டி உள்ளே போக வேண்டுமே! காசநோய்க் கிருமியின் சுவரோ மெழுகு பூசியது போன்றது. 2012இல் அனுமதி பெற்றது என்று மேலே சொன்னேனே, அந்த பெடாகுவிலின் கணினியில் கண்டுபிடித்தது அல்ல. காசநோய்க் கிருமியின் சாதுவான உறவுக்காரக் கிருமி ஒன்றின் மேல் வேதிப்பொருள்களை நேரடியாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தது. பூட்டு எது என்பது பிறகுதான் தெரிந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகளின் மரபணுத் தொகுதியைப் படித்து, சாதாரணக் கிருமியோடு ஒப்பிட்டு, எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். கணினி அங்கே உதவியது, ஆனால் கடைசியில் வந்து உதவியது.

மனிதச் சோதனை என்றதும் சென்னை சேத்துப்பட்டு நினைவுக்கு வருகிறது. 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. சானடோரியத்தில் படுக்கவைத்துப் பார்ப்பதா, வீட்டிலேயே மாத்திரை கொடுப்பதா என்று 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சையும் அதே அளவு பலன் தருகிறது என்று 1959இல் வெளியிட்டார்கள். மாமா திண்ணையில் உட்கார்ந்து மாத்திரை போட்டதற்கு மூலகாரணம் அந்த ஆய்வுதான். அதையும் பொதுப்பணத்தில்தான் செய்தார்கள், லாபம் பார்த்து யாரும் செய்யவில்லை. ஓ.எஸ்.டி.டி.க்கு முன்பாதி நம் மாணவர்களிடம் இருந்தது, பின்பாதிக்கான அனுபவம் சேத்துப்பட்டில் இருந்தது. நடுவே பத்து இருபது வருடம் விடாமல் பணம் போடும் பொறுமைதான் இல்லை என்பது என் கணிப்பு.

கணினிப் பக்கம் வேலை நிற்கவில்லை. 2021இல் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு கணித்த புரத வடிவங்களை இலவசமாகத் திறந்துவிட்டார்கள், அந்த முதல் தொகுப்பிலேயே காசநோய்க் கிருமியின் புரதங்களும் உண்டு. விலைப் பக்கமும் ஒரு நல்ல செய்தி. பெடாகுவிலின் மீதான உரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் செய்த விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் நிராகரித்தது. எதிர்த்து மனுப் போட்டவர்களில் ஒருவர் நந்திதா வெங்கடேசன், காசநோய் மருந்தின் பக்கவிளைவால் கேட்கும் திறனை இழந்தவர். பெடாகுவிலின் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சைக்கு, மருந்துக்கு அடங்காத காசநோய்க்காக, 2024இல் மத்திய அரசு அனுமதி கொடுத்தது.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி மாப்ள, அந்தச் செவப்பா போற மாத்திரைய மாத்திட்டாங்களா இல்லையா?" என்றார். இல்லை மாமா, சாதாரணக் காசநோய்க்கு இன்னும் அதே நாலு மருந்துதான், ஆறு மாதம்தான் என்றேன்.