வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்று இனிப்புகள்

வீட்டுச் சமையலில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன், சீனித்துளசி முதலியவை மாற்று இனிப்புகள் எனப்படுகின்றன. இவற்றில் சீனித்துளசி மட்டுமே வேறு சாதி. மற்றவை மணமும் நிறமும் ஈரமும் கூடிய சர்க்கரைதான். எனவே பலகாரத்தின் பக்குவத்துக்கும் நாக்கின் ருசிக்கும் ஏற்ப இவற்றைத் தேர்ந்தெடுப்பதே பொருத்தம்; மருந்தாக எண்ணி அளவைக் கூட்டுவது தவறு.

ஆலைச் சர்க்கரையில் 99 விழுக்காட்டுக்கு மேல் சுக்ரோஸ். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதுவே. கூடவே சிறிது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், நீர், தாது உப்புகள். 100 கிராம் சர்க்கரை 400 கிலோகலோரியை ஒட்டித் தந்தால் வெல்லம் 380 அளவில் நிற்கிறது. வெல்லத்தில் இரும்புச்சத்து உண்டு என்பது மெய். ஆனால் 10 கிராமில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. நீரிழிவு உள்ளவர் ‘கருப்பட்டிக் காபிதானே’ என்று இரண்டு டம்ளர் குடித்தால் இரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சேர்க்கும் சர்க்கரை அன்றாட ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. தேனும் இந்தக் கணக்கில் சேரும்.

ருசியில் கருப்பட்டிக்கு ஈடு குறைவு. பனையின் பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறக்குவது பதநீர். சுண்ணாம்பு இல்லையென்றால் அது புளித்துக் கள்ளாகிவிடும். பதநீரைக் காய்ச்சிக் கிண்டி, பாகு இறுகும் பதத்தில் சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். கருப்பட்டியின் அரைக்கோள வடிவம் அதனால் வந்தது. யாழ்ப்பாணத்தில் இதே பாகைச் சிறு ஓலைக் குட்டான்களில் வார்த்துப் பனங்கட்டி என்பார்கள். தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதநீர் ஆண்டு முழுதும் கிடைக்காது, மரமேறுவோரும் அருகி வருகிறார்கள். ஆகவே சீனியைக் காய்ச்சிக் கலந்த கருப்பட்டி சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. சீனியின் விலைக்குச் சற்றே மேலாக ஒருவர் கருப்பட்டி விற்றால் சந்தேகப்படலாம். வெல்லத்தில் கவனிக்க வேண்டியது நிறம். பளிச்சென்ற மஞ்சளுக்காக ‘ஹைட்ரோஸ்’ எனும் வெளுப்பு உப்பைச் சேர்ப்பதுண்டு. கருத்த வெல்லம் அழகில்லாவிட்டாலும் நம்பத்தக்கது.

எந்த இனிப்பு எதற்கு என்பது அடுப்பில் தெரியும். அதிரசத்துக்கு வெல்லப் பாகுதான் வாகு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால் மெத்தென்று உருள வேண்டும்; அதைத் தாண்டினால் அதிரசம் கல்லாகும், குறைந்தால் எண்ணெயில் பிரியும். கடலை மிட்டாய்க்கு அந்தச் சொட்டு கண்ணாடிபோல் ஒடியும்வரை பாகு ஏற வேண்டும். வெல்லமும் கருப்பட்டியும் மண், தூசியோடு வருவதால் கரைத்து வடிகட்டாமல் சேர்க்கக் கூடாது. பால் பாயசத்தில் வெல்லத்தைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பால் திரிந்துபோகும். இறக்கிச் சற்று ஆறியபின் கலப்பதே வழக்கம். குலாப் ஜாமூன் ஜீராவுக்கு வெள்ளைச் சர்க்கரையே சரி. அங்கே வெல்லத்தின் வாசம் பாலின் மணத்தை அமுக்கிவிடும்.

சீனித்துளசி பராகுவே நாட்டுச் செடி. அதன் இலையிலிருந்து பிரிக்கும் ஸ்டீவியால் கிளைக்கோசைடுகள் சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பானவை. கலோரி இல்லை எனலாம். காபி, எலுமிச்சைச் சாற்றுக்கு உதவும், நாக்கில் லேசான கசப்புத் தங்கும். பாகு வராது, பலகாரம் சிவக்காது. எடையைக் கட்டுப்படுத்த இவ்வகைச் சர்க்கரையில்லா இனிப்புகளை நம்ப வேண்டாம் என 2023இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது; நீரிழிவு ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது.

தேனை ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நாக்கில் தொட்டு வைப்பதும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளர்த்தும் நச்சைச் சுரக்கும். தேனைச் சூடாக்கிக் கொடுத்தாலும் அவ்வித்துகள் சாவதில்லை.