சாவா மூவாப் பேராடு

பட்டணத்துல வேலை பாக்குற நம்ம பிள்ளைங்க ஊருக்கு ஏதாவது செய்யணும்னு என்கிட்ட யோசனை கேப்பாங்க. நான் அவங்களுக்குச் சொல்றது ஆயிரம் வருஷத்துக் கதை.

தஞ்சாவூர் பெரிய கோயிலை ராஜராஜ சோழன் கட்டி முடிச்சது 1010 வாக்கில். அங்கே விளக்கு எரிய ஆடுமாடுகளைக் கொடுத்த கணக்கு கல்வெட்டுல இருக்கு. ஒரு விளக்குக்கு 96 ஆடு, இல்லேன்னா 48 பசு, இல்லேன்னா 16 எருமை. வாங்கிக்கிட்ட இடையர் தினமும் ஒரு உழக்கு நெய் அளக்கணும். உழக்குன்னா கால் படி.

இப்படிக் கொடுத்த ஆட்டுக்குச் சோழர் கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பேர். சாகாத, கிழடாகாத ஆடு. ஆடு வளர்த்தவங்க இதைக் கேட்டா சிரிப்பாங்க. ஒரு மழைக்காலம் போதும், பாதி கிடை காலியாகிடும். ஆனா எழுதினவங்க விவரமானவங்க. ஆடு சாகலாம், 96ங்கிற எண்ணிக்கை சாகக்கூடாது. செத்ததுக்குப் பதிலா குட்டியை வளர்த்துக் கணக்கை நிரப்பறது இடையர் பொறுப்பு.

பணமாகக் கொடுத்த தர்மமும் உண்டு. அந்தக் காசை ஊர்ச் சபைகளிடம் கொடுத்து வைப்பாங்க. ஒரு காசுக்கு வருஷம் அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு வட்டி. செலவு வட்டியில நடக்கும், முதல் அப்படியே நிக்கும்.

அடுத்தது கணக்கு. உத்திரமேரூர்ல முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் வருஷத்துக் கல்வெட்டுகள் இருக்கு. ஏரி வாரியம், தோட்ட வாரியத்துக்கெல்லாம் குடவோலை போட்டு ஆள் எடுத்த விதிகள் அதுல இருக்கு. முன்னே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்துல போடக்கூடாது. அவன் சொந்தக்காரங்க பேரையும் போடக்கூடாது. சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ளவங்களுக்குத்தான் அந்தச் சபையில இடம், என்னை மாதிரி ஆளை வாசல்ல கூட விட்டிருக்க மாட்டாங்க. அது வேற விஷயம். கணக்கு விதி எல்லாருக்கும் பொதுதான்.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. சில வருஷம் முன்னாடி ஒரு கம்பெனி குடிதண்ணி சுத்திகரிப்பு மிஷின் வெச்சுக் குடுத்தது. ரிப்பன் வெட்டினாங்க, போட்டோ எடுத்தாங்க. ரெண்டாம் வருஷம் பில்டர் மாத்தக் காசில்லை. கரண்டு பில்லு யார் கட்டறதுன்னு சண்டை. இன்னிக்கு அந்த ரூமுக்குப் பூட்டு. வாசல்ல கல்லு மட்டும் பளபளன்னு இருக்கு, குடுத்தவங்க பேரோட.

பெரிய கோயில் கல்வெட்டுல குடுத்தவங்க பேர் மட்டும் இல்லை. ஆட்டை வாங்கிக்கிட்டு நெய் அளக்க வேண்டிய இடையர்கள் பேரும் இருக்கு. நம்ம கல்லுல இல்லாதது அதுதான்.

சந்திர சூரியர் உள்ளவரைன்னு எழுதி வெச்ச அந்த ஏற்பாடும் இன்னிக்கு இல்லை. ராஜ்ஜியமே போயிடுச்சு. ஆனாலும் குடுக்கும்போதே நாளைய செலவையும் யோசிச்சுக் குடுத்திருக்காங்க.

அதனால தம்பிகளா, கட்டடத்துக்குப் பாதி குடுங்க, மீதியை வங்கியில போட்டு வட்டியில பராமரிங்க. பாத்துக்கிறவருக்கு மாசக் கூலி குடுங்க, அது வீண் செலவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை கிராம சபையில கணக்கை வாசிக்கச் சொல்லுங்க. கல்லு வெச்சா, உங்க பேருக்குக் கீழே அவர் பேரையும் வெட்டுங்க.